நங்கூரம் பிடித்ததா?

படகில் தீவு தீவாகப் போய்வந்தேன் என்று சொன்னதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும். "நடுக்கடல்ல புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?" அதற்கடுத்து வாந்தி வருமா என்பார்கள். "ராத்திரி எங்க நிறுத்துவீங்க, எப்படி நிறுத்துவீங்க?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்த 5 வாரத்தில் என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஒன்றுதான். யாரும் கேட்காவிட்டாலும் அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

எங்கள் பாய்மரப் படகு 11 மீட்டர் நீளம். நீருக்கடியில் அதன் அடிக்கட்டை 1.7 மீட்டர் ஆழம் வரை இறங்கும். நாங்கள் நான்கு பேர். அறுபது வயதைத் தாண்டிய கேப்டன், ஒரு கணவன் மனைவி, அப்புறம் நான். தீவுக்கும் தீவுக்கும் நடுவே 15 கடல் மைல் இருக்கும், மிஞ்சிப்போனால் 30. கடல் மைல் என்பது 1,852 மீட்டர். காற்று ஒத்துழைத்தால் மணிக்கு 5 கடல் மைல் போவோம். வெப்பமண்டலத்தில், பள்ளிக்கூடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அது பருவத்தில் நாள் தவறாமல் ஒரே திசையிலிருந்து வீசும். பாயை ஏற்றிக் கட்டிவிட்டால் படகு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு தன்பாட்டில் ஓடும். சுக்கானைப் பிடித்திருப்பவருக்கு மட்டும்தான் வேலை. அதிலும் பாதி நேரம் தானியங்கி பார்த்துக்கொள்ளும். பயணத்தின் சுலபமான பகுதி அது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

தீவு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கும்.

வெதுவெதுப்பான கடலில் தீவு என்றால் பெரும்பாலும் அதைச் சுற்றிப் பவளம் இருக்கும். நம் மீனவர்கள் இதைப் 'பார்' என்பார்கள். பவளம் உயிர்வாழ வெயில் வேண்டும். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தை வைத்துத்தான் உணவு செய்கின்றன. அதனால் ஆழம் குறைந்த, தெளிந்த நீரில்தான் பவளம் செழித்து, ஏறத்தாழ நீர்மட்டம் வரைக்கும் எழும்பி நிற்கும். படகை உடைக்கக்கூடிய பாறை அங்கே வளர்வதும், அதை நீருக்குள் நம்மால் பார்க்க முடிவதும் ஒரே காரணத்தால்தான், தண்ணீரின் தெளிவு. இது எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் உறைத்தது.

வரைபடத்தை மட்டும் நம்பிப் போக முடியாது. பல தீவுப் பகுதிகளின் ஆழக் கணக்குகள் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்த காலத்தவை. ஒரு குண்டு விழுந்த இடத்துக்கும் அடுத்தது விழுந்த இடத்துக்கும் நடுவே ஒரு பவளத் திட்டு ஒளிந்திருந்தால் அது தாளில் ஏறியிருக்காது. அந்தத் தாளைத்தான் பின்னால் கணினிக்கு மாற்றியிருப்பார்கள். திரை பளபளப்பாக இருப்பதால் தகவலும் புதியது என்று நினைத்துவிடக் கூடாது. சில இடங்களில் பழைய அளவீட்டுக்கும் செயற்கைக்கோள் காட்டும் இடத்துக்கும் ஒத்துவராது. திரையில் எங்கள் படகு ஒருமுறை தீவின் நட்டநடுவே, மலைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே கண்தான் கருவி. தண்ணீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். நீலம் வெகுதூரம் இறங்கும். அடியில் வெள்ளை மணல் இருந்தால் மேலே வெளிர்நீலமும் பச்சையும் கலந்த அந்த நிறம் வரும். ஆழம் குறையக் குறைய அது வெளுத்துக்கொண்டே போய், முழங்கால் நீரில் கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் போகும். கரும்பச்சைத் திட்டு என்றால் கடற்புல். பழுப்பு, மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் பவளம், மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். மேகத்தின் நிழலும் பவளம்போலவே கருத்துத் தெரியும். அரை நிமிடம் பொறுத்தால் நிழல் நகரும், பவளம் நகராது. நான் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கம்பியைப் பிடித்தபடி நின்று கையால் இடம், வலம் காட்டுவேன். காற்றில் கத்தினால் பின்னால் இருப்பவருக்குக் கேட்காது.

இந்த நிறங்கள் எல்லாம் தெரிய வேண்டுமானால் சூரியன் உயரத்திலும் நம் முதுகுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். முகத்துக்கு நேரே இருந்தால் கடல் ஒரு தகரத் தகடு, அவ்வளவுதான். போலராய்டு கண்ணாடி கொஞ்சம் உதவும். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாகத் துருவப்பட்டிருக்கும், கண்ணாடி அதை வடிகட்டிவிடும். ஆனால் தாழ்ந்த வெயிலை எந்தக் கண்ணாடியாலும் வெல்ல முடியாது. அதனால் மேற்குப் பார்த்த வாசல் வழியாகக் கிழக்கே நுழைய வேண்டிய குடா என்றால் மதியத்துக்கு மேல் போக வேண்டும், எதிர்த்திசை என்றால் முற்பகலில். பயண அட்டவணையே வெயிலின் கோணத்தை வைத்துத்தான் போடப்படும். "பத்து மணிக்கு முன்னாடியும் மூணு மணிக்குப் பின்னாடியும் பார் பக்கம் போகாதே" என்பது கேப்டனின் சட்டம். அந்தச் சட்டத்தை நாங்கள் ஒரே ஒருமுறை மீறினோம்.

அதற்கு வருமுன் நங்கூரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனமான இரும்பை அடியில் போட்டால் அதன் எடை படகைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் நங்கூரம் 20 கிலோ, படகு 7 டன். எடையால் பிடிப்பது நடக்காத காரியம். நங்கூரம் ஒரு கலப்பை. கிடைமட்டமாக இழுத்தால் மண்ணுக்குள் புதையும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கலப்பை என்பது உவமைக்காகச் சொன்னதில்லை. திரவங்களின் கொந்தளிப்பை ஆராய்ந்த ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் சொந்தப் பாய்மரப் படகும் வைத்திருந்தார். குறைந்த எடையில் அதிகம் பிடிக்கும் ஒன்று வேண்டும் என்று 1933-ல் அவர் காப்புரிமை பெற்ற சி.க்யூ.ஆர். நங்கூரம் அச்சு அசல் கலப்பைக் கொழு வடிவம். இன்றைய சிறு படகு நங்கூரங்கள் பலவும் அந்த யோசனையின் வழி வந்தவை.

இழுப்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்றால் சங்கிலி நீளமாக இருக்க வேண்டும். கணக்கு எளிது, ஆனால் எல்லோரும் ஒன்றை மறப்பார்கள். ஆழம் 4 மீட்டர் என்று கருவி காட்டுகிறது. அதோடு அணியம் நீருக்கு மேலே நிற்கும் 1 மீட்டரைக் கூட்ட வேண்டும். ராத்திரி ஓதம் ஏறிக் கடல்மட்டம் உயர்ந்தால் இன்னொரு மீட்டர். ஆக 6. அதை 5-ஆல் பெருக்கினால் 30 மீட்டர் சங்கிலி, காற்று பலமாக இருக்கும் என்று தெரிந்தால் 7-ஆல் பெருக்கி 42. எங்கள் 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. அடியில் படுத்துக் கிடக்கும் அந்த எடை சின்னச் சின்ன இழுப்புகளைத் தாங்கிக்கொள்ளும். காற்று முற்றிப்போனால் சங்கிலி விறைத்து நேர்க்கோடாகிவிடும். அப்போது அடியைத் தாங்க, சங்கிலியோடு ஒரு நைலான் கயிறும் கட்டியிருப்போம். நைலான் நீண்டு கொடுக்கும்.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிப்படி ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 நாட் காற்று, அதாவது மணிக்கு 15 கடல் மைல் வேகக் காற்று, 30 நாட் ஆனால் இழுப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு. சாயங்காலம் சமர்த்தாக நின்ற படகு நள்ளிரவில் ஏன் நிற்பதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

போட்டுவிட்டு இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்போம். முதலில் மெதுவாக, அப்புறம் வேகம் கூட்டி. கரையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு அடையாளங்கள், ஒரு மரமும் பின்னால் ஒரு பாறையும் என்று பிடித்துக்கொண்டு, அவை விலகுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விலகாமல் இருந்தால் படகு நிற்கிறது. அதைவிட நம்பகமான இன்னொரு சோதனையைக் கேப்டன் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்.

"தம்பி, சங்கிலி மேல கைய வை. பேசுதா பாரு."

நங்கூரம் மண்ணுக்குள் புதைந்திருந்தால் சங்கிலி கையில் சும்மா இருக்கும். இழுபட்டுக்கொண்டிருந்தால் உள்ளே ஏதோ அரைபடுவதுபோல ஒரு கரகரப்பு விரல்வழியே ஏறிவரும். கண்ணுக்குத் தெரியாத 4 மீட்டர் ஆழத்துச் செய்தி, உள்ளங்கையில். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஒவ்வொரு இடத்திலும் நானே ஓடிப்போய்க் கைவைப்பேன்.

மூன்றாவது வாரம், சட்டத்தை மீறிய அந்த நாள். காலையில் காற்று செத்துப்போய், வழியில் நீரோட்டமும் எதிர்த்து, குடாவுக்கு வரும்போது மணி ஐந்தே கால். வெயில் சாய்ந்துவிட்டது. நிறங்கள் மங்கி எல்லாம் ஒரே ஈயச் சாம்பல். வெப்பமண்டலத்தில் அந்திக்கு ஆயுள் குறைவு. சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மறைந்த அரைமணிக்குள் இருட்டிவிடும். வேறு இடம் தேட நேரமில்லை. வெளியிலேயே ராத்திரியைக் கழித்திருக்கலாம். களைப்பு யாரையும் அதைச் சொல்லவிடவில்லை. மெல்ல உள்ளே வந்து, கருவி 5 மீட்டர் காட்டிய இடத்தில் போட்டோம். இன்ஜின் பின்னோக்கி ஓடியது. கை வைத்தேன்.

இருந்தது. லேசாக, விட்டுவிட்டு ஒரு கரகரப்பு. அப்புறம் நின்றதுபோல இருந்தது. "பிடிச்சிடுச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எனக்குப் பசி, தோள் வலி, உப்பு காய்ந்த உடம்பு. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு மழை மேகம் வந்தது. சூடான கடலுக்கு மேலே உயர்ந்து வளரும் மேகத்திலிருந்து மழை இறங்கும்போது, அதோடு குளிர்ந்த காற்றும் கனத்துக் கீழே விழுந்து நாலாபக்கமும் பரவும். வியாபாரக் காற்றின் திசை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முதலில் அறைக்குள் சட்டென்று குளிர்ந்தது. பிறகு படகு ஒரு சுற்றுச் சுற்றியது. இதுவரை கரை நமக்குக் காற்றை மறைத்தது. இப்போது காற்று கடல்பக்கமிருந்து வந்தது. பின்னால் பவளப் பார். நங்கூரத்தின் இழுப்புத் திசையும் தலைகீழாக மாறிவிட்டது. நன்றாகப் புதைந்த நங்கூரம் அப்படித் திரும்பும்போது தானும் திரும்பி மறுபடி புதையும். அரைகுறையாகப் பிடித்தது புரண்டு படுத்துவிடும்.

படகு இடம் நகர்ந்தால் அடிக்கும் எச்சரிக்கை மணி அடித்தபோது நான் ஏற்கெனவே அணியத்தில் இருந்தேன். சங்கிலியைத் தொடவே தேவையில்லை, படகு முழுக்க அந்தக் கரகரப்பு கேட்டது. ஆழம் 4.1, 3.4, 2.6. கேப்டன் இன்ஜினை முன்னோக்கிப் போட்டுப் படகைப் பிடித்து நிறுத்த, நான் மோட்டாரை அழுத்திச் சங்கிலியை ஏற்றினேன். ஒரு இடத்தில் எதிலோ மாட்டி விறைத்தது. அப்புறம் ஒரு வெட்டு வெட்டி விடுபட்டது. அந்த வெட்டு இன்னமும் என் முழங்கையில் இருக்கிறது.

வெளியே போக வழி எது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. மாலையில் நாங்கள் உள்ளே வந்த தடம் திரையில் புள்ளிக்கோடாக இருந்தது. வரைபடம் சொல்வது சரியோ தவறோ, அந்தக் கோட்டின் மேல் எங்கள் படகு சில மணி நேரத்துக்கு முன்னால் இடிக்காமல் வந்திருக்கிறது. மழை கண்ணைக் கட்டிய இருட்டில், அந்தக் கோட்டின் மேலேயே அங்குலம் அங்குலமாக ஊர்ந்து ஆழக்கடலுக்கு வந்தோம். அதற்குள் மேகம் கடந்துபோய்விட்டது. பாயைக் குறைத்துச் சுக்கானைப் பூட்டி, விடியும்வரை மிதந்துகொண்டிருந்தோம். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன், கையில் கரகரப்பு தெரிந்தது என்று. கேப்டன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரிஞ்சா சொல்லணும் தம்பி. எத்தனை தடவை வேணா திருப்பிப் போடலாம்" என்றார்.

அந்த விடியலில் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கதை. 1770 ஜூன் 11 இரவு, நிலவு வெளிச்சத்தில், இன்றைய ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத் திட்டில் எண்டவர் கப்பல் ஏறி உட்கார்ந்துவிட்டது. 6 பீரங்கிகள் உட்பட 40 டன்னுக்கு மேல் கடலில் வீசினார்கள். பகல் ஓதம் போதவில்லை, அடுத்த இரவு ஓதம் ஏறக் காத்திருந்தார்கள். கடைசியில் கப்பலை விடுவித்தது நங்கூரங்கள்தான். சிறு படகுகளில் அவற்றை ஏற்றித் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டு, அந்தப் பிடிமானத்தை வைத்துக் கப்பலை இழுத்து மிதக்கவிட்டார்கள். பின்னர் கரையேற்றிப் பார்த்தபோது ஓட்டைக்குள் உடைந்த பவளத் துண்டு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அதுதான் தண்ணீர் வெள்ளமாகப் புகாமல் தடுத்திருக்கிறது. வீசிய பீரங்கிகளை 1969-ல் அந்தப் பாரிலேயே கண்டெடுத்தார்கள். கப்பலுக்கு என்ன ஆயிற்று என்பது அந்தக் கதையில் விரிவாகவே இருக்கிறது. பவளத்துக்கு என்ன ஆயிற்று என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

பத்து மணிக்கு, வெயில் முதுகில் பட, மறுபடி அதே குடாவுக்குள் போனோம். இப்போது எல்லாம் தெரிந்தது. நேற்று நாங்கள் போட்ட இடம் கரும்பச்சை. மெல்லிய மணலின் மேல் கடற்புல், அதற்கடியில் கெட்டிப் பாறை. நூறு மீட்டர் தள்ளி வெள்ளை வெளேரென்று ஒரு மணல்வெளி, வீட்டுக் கூடம்போல. அங்கே போட்டதும் நங்கூரம் ஒரே இழுப்பில் புதைந்தது. முகமூடி மாட்டிக்கொண்டு நான் பழைய இடத்துக்கு நீந்தினேன்.

புல்வெளியில் ஒரு உழவுச் சால். நாற்பது மீட்டருக்குக் குறையாது. வேர்த்தண்டுகள் அறுந்து வெளிறித் தொங்கின. சாலின் முடிவில் ஒரு மூளைப் பவளம், அரை மீட்டர் உயரம் இருக்கும், அடியோடு புரண்டு பக்கவாட்டில் கிடந்தது. சங்கிலி தேய்த்த கோடு அதன் மடிப்புகளின் குறுக்கே வெள்ளையாக ஓடியது. முழங்கையில் நான் உணர்ந்த வெட்டு இதுதான். அந்த வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வது அரிது. அப்படியென்றால் அது தொடங்கி 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும், என் வயதைவிட அதிகம். இரண்டு நீலமீன்கள் புரண்ட பவளத்தின் புதிய நிழலுக்குள் போய்வந்துகொண்டிருந்தன. மூச்சு முட்டும்வரை மறுபடி மறுபடி இறங்கிப் பார்த்தேன். நிமிர்த்தி வைக்கலாமா என்று தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

நழுவாமல் நிற்கும் படகும் அடியில் சும்மா இருப்பதில்லை. 30 மீட்டர் சங்கிலியோடு காற்று திசைமாற மாறப் படகு சுழன்றால், அந்த ஆரத்தில் வரும் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,800 சதுர மீட்டர். தரையில் கிடக்கும் சங்கிலி அதில் ஒரு பெரிய பகுதியைத் துடைப்பம்போலக் கூட்டும். மணலாக இருந்தால் அடுத்த ஓதத்தில் சுவடு மறையும். பவளமோ புல்லோ என்றால் தினம் தினம் தேயும். மத்தியதரைக் கடலின் பொசிடோனியா புல்வெளிகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே பரவக்கூடியவை. ஸ்பெயினின் பலியாரிக் தீவுகளில் அவற்றின்மேல் நங்கூரம் போடுவதற்கு 2018 முதல் சட்டப்படி தடை. புளோரிடாவின் கீ லார்கோவில் 1981-லேயே ஜான் ஹாலஸ் என்ற கடல் உயிரியலாளர் வேறொரு வழி கண்டார். பாறையில் துளையிட்டு இரும்புக் கண்ணியைச் சிமென்ட் வைத்துப் பதித்து, அதில் மிதவையைக் கட்டிவிட்டார். படகுகள் நங்கூரம் இறக்காமல் மிதவையின் கயிற்றை எடுத்துக் கட்டிக்கொண்டால் போதும். இப்படிப்பட்ட மிதவைகள் இன்று உலகம் முழுக்கப் பல பவளக் கடல்களில் உண்டு. மிதவை இருக்கும் இடத்தில் நங்கூரம் போடுபவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. மிதவைக்குக் கட்டணம் என்று முணுமுணுப்பவர்களைப் பார்த்தாலும்தான்.

அதற்கப்புறம் எங்கள் நாட்கள் மாறின. விடிவதற்குமுன் கிளம்பினோம். மதியத்துக்குள் போய்ச் சேர முடியாத தீவு என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அதில் இரண்டு அழகான இடங்கள் போயின, வருத்தம்தான். வெள்ளை மணல் கண்ணில் படும்வரை சுற்றிக்கொண்டே இருப்போம். ஒரு இடத்தில் நான்கு முறை எடுத்துப் போட்டோம், பக்கத்துப் படகில் இருந்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். போட்டபிறகு நான் குதித்துச் சங்கிலி வழியே நீந்திப்போய் நங்கூரத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சமையல். மணலுக்கு மேலே அதன் முதுகு மட்டும் கொஞ்சம் தெரிந்தால் போதும். அந்த மணலில் ஒரு பங்கு கிளிமீன்களின் வேலை. பவளத்தைக் கடித்து அரைத்து, பாசியைச் செரித்துவிட்டு மிச்சத்தை வெண்மணலாக வெளியே தள்ளும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணல் உண்டாக்கும். அவை பவளத்தைக் கடிக்கும் சத்தம் நீருக்கடியில் தெளிவாகக் கேட்கும், யாரோ முறுக்குத் தின்பதுபோல.

கடைசித் தீவிலிருந்து கிளம்பிய காலை, மற்றவர்கள் பாய் ஏற்றத் தயாரானார்கள். நான் ஒருமுறை இறங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். கேப்டன் தலையசைத்தார். நான் நீரில் முகம் புதைத்து மிதக்க, மேலே மோட்டார் உறுமியது. சங்கிலி வளையம் வளையமாக மணலைவிட்டு எழுந்தது. கடைசியாக நங்கூரம் மெல்லச் சாய்ந்து, புழுதி கிளப்பிக்கொண்டு வெளியே வந்தது. புழுதி அடங்கச் சில நிமிடங்கள் ஆனது. அடியில் ஒரு சின்னக் குழி. விளிம்பிலிருந்து மணல் உள்ளே சரிந்துகொண்டிருந்தது. விரல் நீள மீன் ஒன்று வந்து குழிக்குள் எட்டிப் பார்த்து, எதையோ கொத்திவிட்டுப் போனது. படகிலிருந்து என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. குழி பாதி தூர்ந்திருந்தது.